ஜூமும் டிராலியும் ஒன்றல்ல
'டிராலி இல்லையா, கவலை வேண்டாம், ஜூம் செய்தாலே அதே பலன் கிடைத்துவிடும்' என்று படப்பிடிப்பு பற்றிய ஒரு கட்டுரையில் வரும் வரியை ஏற்க முடியவில்லை. டிராலி என்பது கேமராவை வைத்துத் தள்ளும் சக்கர வண்டி. ஜூமில் கேமரா நின்ற இடத்திலேயே நிற்கிறது, லென்ஸின் குவியத்தூரம்தான் (காட்சியை எவ்வளவு பெரிதாக்கிக் காட்டும் என்பதை முடிவுசெய்யும் அளவு) மாறுகிறது. அதனால் முகமும் பின்னாலிருக்கும் சுவரும் ஒரே விகிதத்தில் பெரிதாகும். டிராலியில் கேமராவே நகர்வதால் பக்கத்தில் இருப்பது மளமளவென்று பெரிதாகும், தூரத்தில் இருப்பது அவ்வளவாக மாறாது. இரண்டும் ஒன்றென்றால் இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958) படத்தில், படிக்கட்டின் மேலிருந்து கீழே பார்ப்பவனின் தலைசுற்றலைக் காட்டும் ஷாட்டே வந்திருக்காது. டிராலியையும் ஜூமையும் எதிரெதிராக ஓட்டியதில்தான் அந்தத் தலைசுற்றல். (அந்தப் படிக்கட்டு, படுக்கவைத்து எடுத்த ஒரு மினியேச்சர் என்பது தனிக்கதை.) நாங்கள் ஒரு குறும்படத்துக்காகத் தூண்கள் வரிசையாக நிற்கும் தாழ்வாரத்தில் முதலில் ஜூம்தான் போட்டோம். தூணெல்லாம் சுவரில் ஒட்டிய படம் மாதிரி அப்படியே நின்றது. அப்புறம் ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கி, டயரில் கொஞ்சம் காற்றை இறக்கி, கேமராவோடு நண்பனை உட்காரவைத்துத் தள்ளினோம். தரையோட்டின் ஒவ்வொரு இடுக்கிலும் 'டக் டக்' என்று குலுங்கி மூன்று டேக் வீண். நான்காவதில் தூண்கள் ஒவ்வொன்றாக இருபுறமும் விலகிப்போனபோதுதான் உள்ளே நடந்துபோகிற உணர்வே வந்தது. 'கிம்பல் (கேமரா ஆடாமல் நிலையாக வைத்திருக்கும் கைக்கருவி) போதாதா' என்று கேட்பவர்களுக்கு: போதும், ஆனால் அது சாய்வையும் திருப்பத்தையும்தான் சமாளிக்கும். நடக்கும்போது வரும் ஏற்ற இறக்கத்துக்கு முழங்காலைச் சற்று மடக்கி நடக்கப் பழக வேண்டும், முதல் நாள் தொடை வலிக்கும்.