கறுப்பு பெயிண்டுக்கு அடியில் என் ஒரு லட்சத்துப் பத்தாயிரம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்துப் பழைய பைக் ஒன்று வாங்கி ஒன்பதாவது நாள். பேட்டரி டெர்மினலை இறுக்கலாம் என்று சைடு பேனலைக் கழற்றி, பேட்டரியை வெளியே எடுத்து வைத்தேன். அது உட்கார்ந்திருந்த தகட்டில் ஓரிடம் கறுப்பாகப் புடைத்திருந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையால் தொட்டேன். அழுத்தக்கூட இல்லை, தொட்டேன். நமுத்த அப்பளத்தில் குத்தின மாதிரி முனை உள்ளே போய் மறுபக்கம் வந்துவிட்டது. இழுத்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொருக்கு கையோடு வருகிறது. மேல் பக்கம் பளபள கறுப்பு. கீழ்ப்பக்கம் செங்கல் பொடி. நடுவில் இரும்பு என்று ஒன்று இருக்க வேண்டுமே, அது இல்லை.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாரமாகியும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

வண்டி 2013 மாடல் ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 500. தூரப் பயணத்துக்கென்றே 2012 கடைசியில் இறங்கிய வண்டி அது. இருபது லிட்டர் டேங்க், 499 சிசி, நாள் முழுக்க ஓட்டினாலும் முதுகு கெஞ்சாத சீட். 2020-ல் அந்தப் பெயரையே நிறுத்திவிட்டு மீட்டியர் என்ற வண்டி வந்துவிட்டது, ஆக இனி பழசு தேடினால்தான் உண்டு. வால்பாறைக்கும் தனுஷ்கோடிக்கும் அதில் போக வேண்டும் என்பது என் ஏழெட்டு வருஷத்து ஆசை. வண்டி மேல் இன்றைக்கும் எனக்கு ஒரு குறையும் கிடையாது. இன்ஜின் சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை. என் கோபமெல்லாம் அதை எனக்கு விற்ற ஆள் மேல். அவரைப் போல ஊருக்கு ஊர் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேர் மேலும்தான்.

"சிங்கிள் ஓனர் சார். பேங்க் மேனேஜர் வெச்சிருந்த வண்டி. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எடுப்பார். கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க." பார்த்தேன். கண்ணாடி மாதிரிதான் இருந்தது. பதினோரு வருஷ வண்டியின் சேசிஸில், அதாவது எல்லாவற்றையும் தாங்குகிற இரும்புச் சட்டத்தில், ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் முதல் சந்தேகமாக இருந்திருக்க வேண்டும்! பதினோரு வருஷம் சாலையில் ஓடிய வண்டிக்கு முன் குழாயில் கல் தெறித்த வடு இருக்கும். சென்டர் ஸ்டாண்டில் செருப்பு தேய்ந்த இடம் வெளுத்திருக்கும். அது எதுவுமே இல்லாமல் முழுக்க ஒரே கறுப்பு என்றால், நான் போவதற்கு ஒரு வாரம் முன்னால் யாரோ ஸ்ப்ரே டப்பாவோடு வந்து போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பெயிண்ட் அடிப்பதை நான் குறை சொல்லவில்லை. பழைய வண்டிக்குப் பெயிண்ட் வேண்டும்தான். ஆனால் அதற்கு முன்னால் துருவை உப்புத்தாளும் கம்பி பிரஷ்ஷும் போட்டு வெள்ளை இரும்பு தெரிகிறவரை தேய்க்க வேண்டும். தேய்த்த அன்றைக்கே துருவைத் தடுக்கிற அடிப்பூச்சான ரெட் ஆக்சைடு அடிக்க வேண்டும். சென்னை ஈரக்காற்றில் காலையில் தேய்த்துவிட்டு அப்படியே போட்டால் சாயங்காலத்துக்குள் அந்த இரும்பு மறுபடி மஞ்சள் பூக்க ஆரம்பித்துவிடும். இவ்வளவு வேலைக்குக் கூலி கொடுக்க வேண்டும், நாளாகும். அதனால் துருவின் மேலேயே அடித்து மூடிவிடுகிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

மூடிய துரு தூங்குமா? அலுமினியத்தின் மேல் படிகிற ஆக்சைடு இறுகிப்போய் அடியில் இருக்கிற உலோகத்துக்கே கவசமாகிவிடும். இரும்பின் துரு அப்படியில்லை. அது பொலபொலவென்று பஞ்சு மாதிரி, ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். கொஞ்சம் உப்பும் சேர்ந்துவிட்டால் அரிப்பு இன்னும் வேகம் பிடிக்கும். இரும்பு துருவானால் பல மடங்கு ஊதும், அதனால்தான் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகப் புடைக்கிறது. மேலே மூடிவிட்டால் அரிப்பது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். தெரிகிற துருவையாவது ஒருவன் சரி செய்வான். தெரியாத துரு என்றைக்காவது வளைவில் ஸ்டாண்டையோ மட்கார்டு பிராக்கெட்டையோ கழற்றிப் போடும். பின்னால் மனைவியை உட்கார வைத்துக்கொண்டு மலை ஏறப்போகிற வண்டி அது. விற்கிறவருக்கு அது ஒரு நிமிஷம்கூட மனதில் வராதா?

பேட்டரி தட்டோடு நிறுத்தாமல் அன்றைக்கே வண்டியைப் பிரித்தேன். டெயில் லைட்டின் கண்ணாடியைக் கழற்றினால், அடியில் காய்ந்த வண்டல். பொடிப்பொடியாக, சாம்பல் நிறத்தில், ஏரி மண் மாதிரி. ஹாரனுக்குள்ளும் அதே மண். ஒயரிங் கனெக்டரைப் பிரித்தால் பித்தளை முனையெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கிறது. மழையில் நனைந்த வண்டியில் டெயில் லைட்டுக்குள் வண்டல் படியாது. இந்த வண்டி சீட் உயரத்துக்கு மேல் முங்கி எழுந்திருக்கிறது. சென்னைக்கு 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். அதே மாதம் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மிதந்தன. ஒவ்வொரு வெள்ளத்திலும் தெருத்தெருவாக வண்டிகள் முங்கிக் கிடந்ததை எல்லாரும் பார்த்தோம். அவற்றில் நிறைய வண்டிகள் கழுவி, காயவைத்து, கறுப்படித்து மறுபடி சந்தைக்கு வந்திருக்கின்றன. முங்கின வண்டி என்று சொல்லி, விலையைக் குறைத்து விற்றால் வாங்குவதற்கும் ஆள் உண்டு. சொல்லாமல் முழு விலைக்கு விற்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

டேங்க் கதை தனி. வாங்கிய அன்றே வண்டலூர் தாண்டும்போது ஒரு உதறல் வந்தது. கேட்டதற்கு விற்றவர் சொன்னது: "ரொம்ப நாள் நின்ன வண்டி சார், ஓட ஓட சரியாயிடும்." மூடியைத் திறந்து செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சுவர் முழுக்கக் காவி. இது கார்புரேட்டர் வண்டிகூட இல்லை. பெட்ரோல் பம்ப் டேங்குக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அந்தத் துருத்தூள் பம்பின் வடிகட்டியை அடைத்து, மிச்சம் மீதி இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீச்சுகிற இன்ஜெக்டரைத் தேடிப் போகும். இப்போது பங்கில் போடுவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து எத்தனாலோடு சேர்ந்து டேங்கின் அடியில் தேங்கும். அரை டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்தினால், பெட்ரோல் படாத மேல் பாதி இரவுக் குளிரில் வியர்த்தே துருப்பிடிக்கும். நிறுத்தி வைப்பதாக இருந்தால் டேங்கை முட்ட நிரப்பி நிறுத்த வேண்டும். ஒரு முழு டேங்க் பெட்ரோல் காசை மிச்சம் பிடித்து ஒரு டேங்கையே சாகடித்திருக்கிறார்கள்.

வித்தவர்களை மட்டும் திட்டி என்ன? வண்டியைப் "பார்த்துக்கொள்கிறேன்" என்று நம் ஊரில் செய்கிற வேலைகளில் பாதி வண்டியை அரிக்கிற வேலைதான். ஈ.சி.ஆரில் கடற்கரை ஓரமாகப் போய்விட்டு வந்து, உப்புக்காற்று பட்ட வண்டியை வாட்டர் வாஷ் விடுவார்கள். அங்கே ஊற்றுவது என்ன தண்ணீர்? கடலோரத்துப் பட்டறைகளில் பல இடங்களில் வாயில் வைக்க முடியாத உப்பு போர் தண்ணீர். உப்பை உப்பால் கழுவி, துடைக்காமல் வெயிலில் நிறுத்தினால் சக்கரக் கம்பிகளை இறுக்குகிற ஸ்போக் நிப்பிள் ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளைப் படிவம். அதன் மேல் டீசல் ஸ்ப்ரே. இரண்டு நாள் பளபளக்கும், மூன்றாம் நாள் ஊர்ப் புழுதியெல்லாம் அதில் ஒட்டும், ரப்பர் பாகங்கள் ஊதும். அப்புறம் ரெக்சின் கவர். மழையில் நனைந்து வந்த வண்டியைத் துடைக்காமல் அதைப் போட்டு மூடினால் உள்ளே ஆவி பிடிக்கிற மாதிரிதான் வண்டி நிற்கும். "கவர் போட்டுத்தான் சார் வெச்சிருந்தோம்" என்று பெருமையாக வேறு சொல்வார்கள்.

தாராபுரத்தில் என் பெரியப்பா 1986 புல்லட் ஒன்று வைத்திருந்தார். அந்த வண்டி பளபளத்து நான் பார்த்ததே இல்லை. டேங்க் பெயிண்ட் மங்கி, முழங்கால் உரசுகிற இடத்தில் சாயம் போயிருக்கும். ஆனால் மழையில் போய்விட்டு வந்தால், தன் தலையைத் துவட்டுவதற்கு முன்னால் வண்டியைத்தான் துடைப்பார். வண்டிக்கென்று பழைய வேட்டித் துணி ஒன்று இருக்கும், எண்ணெய் ஊறி மெத்தென்று. மட்கார்டின் உள்பக்கம், சேசிஸ் குழாய்கள் சேருகிற மூலை, ஸ்டாண்ட் ஸ்பிரிங் மாட்டுகிற கொக்கி என்று, யாரும் குனிந்து பார்க்காத இடத்தில்தான் அந்தத் துணி முதலில் போகும். வண்டி நிற்கிற ஓட்டுச் சாய்ப்பில் தரைக்குப் பலகை போட்டிருந்தார், மண் ஈரம் ஏறக்கூடாது என்று. பக்கத்துத் தெருவுக்கு வண்டி எடுக்கவே மாட்டார். "சூடாகறதுக்குள்ள நிறுத்தினா சைலன்சர் உள்ளயே அழுகும்டா" என்பார். அந்த வயதில் எனக்கு அது புரியவில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. சைலன்சர் முழுக்கச் சூடாகவில்லை என்றால் அந்த ஆவி உள்ளேயே தண்ணீராகத் தங்கி உள்ளிருந்து வெளியே அரிக்கும். படித்துத் தெரிந்துகொண்டதில்லை, வருஷக்கணக்கில் கவனித்துத் தெரிந்துகொண்டார் அவர்.

அவர் போன பிறகு வண்டியை விற்க ஒரு புரோக்கரைக் கூப்பிட்டார்கள். அவர் குனியவே இல்லை. சுற்றி ஒரு நடை நடந்து, "ஷைன் இல்லையே. பெயிண்ட் அடிச்சா நல்ல ரேட் போகும், இப்படியே குடுத்தா கம்மிதான்" என்றார். சேசிஸ் நம்பர் இருக்கிற இடத்தில் எழுத்து நேற்று குத்தினது போலத் தெளிவாக இருந்தது. அந்த ஆள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மனுஷன் வருஷக்கணக்கில் துடைத்ததற்கு ஐயாயிரம் ரூபாய் பெயிண்ட் அளவுக்கு மதிப்பில்லை இந்தச் சந்தையில். என் வண்டியில் ஸ்க்ரூடிரைவர் இறங்கியபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த நடைதான்.

வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து குனியுங்கள். கழுவி வைக்காதீர்கள், அப்படியே பார்க்க வருகிறேன் என்று முதலிலேயே சொல்லுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். பின் மட்கார்டின் உள்ளே விரலை விட்டுத் தடவுங்கள், பொருக்கு கையோடு வந்தால் அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. சைலன்சரின் அடிப்பக்கத்தை ஒரு நாணயத்தால் தட்டுங்கள், கணீரென்று இல்லாமல் மொத்தென்று கேட்டால் உள்ளே மிச்சம் இல்லை. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க் குழாயை நகத்தால் வருடுங்கள். 41 மில்லிமீட்டர் குரோம் குழாயில் ஊசிமுனை அளவு குழி இருந்தாலும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது ஆயில் சீலைக் கிழித்துக்கொண்டே இருக்கும், எத்தனை சீல் மாற்றினாலும் ஒழுகும். டேங்கைத் திறந்து டார்ச் அடியுங்கள். டெயில் லைட்டைக் கழற்ற விடமாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். முடிந்தால் கடலில்லாத ஊரில், கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் பக்கம் தேடுங்கள். ஆர்.சி.யில் ஊர் தெரியும், ஆனால் வண்டி எங்கே நின்றது என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

அந்த ஆளுக்குப் போன் போட்டேன். "நீங்க பாத்துத்தானே சார் வாங்கினீங்க? பழைய வண்டின்னா துரு இருக்கத்தான் செய்யும்." இதே வாய்தான் பத்து நாள் முன்னால் கண்ணாடி என்றது. துரு இருக்கும் என்று தெரிந்திருக்கிறது, தெரிந்துதான் அடித்திருக்கிறார். மறுபடி கூப்பிட்டால் எடுப்பதில்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை, தூக்கிப் போடவும் மனசில்லை. டேங்கை இறக்கி, பம்பைக் கழற்றி, சிட்ரிக் ஆசிட் கரைத்து ஊற்றி, ஒரு கைப்பிடி இரும்பு நட்டுகளைப் போட்டுக் குலுக்கினேன். ரத்தம் மாதிரி வந்தது தண்ணீர். சோடா உப்பில் அலசி, காயவைத்து, உள்ளே எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். சென்டர் ஸ்டாண்டுக்குப் பதிலாக, பழைய உதிரிபாகம் விற்கிற சென்னை புதுப்பேட்டையில் நல்லதாக ஒன்று கிடைத்தது. சேசிஸை ஒவ்வொரு குழாயாகத் தேய்த்துக்கொண்டு வருகிறேன், ராத்திரி எட்டு மணிக்கு மேல், ஆபீஸ் முடிந்து.

பேட்டரி தட்டுக்கு மட்டும் வெல்டிங் வேண்டும். பட்டறை அண்ணன் வந்து பார்த்தார். பொத்தலின் ஓரத்தைச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினார், இன்னும் ஒரு விரல்கடை உதிர்ந்தது. "நல்ல இரும்பு எங்க ஆரம்பிக்குதுன்னு தேய்ச்சுக் காட்டுங்க தம்பி, அங்க இருந்து புடிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாளாகத் தேய்க்கிறேன். இன்னும் அந்த இடம் வரவில்லை.