எட்டரைக்கு வந்துவிடும் அக்கா

திருப்பூரில் பதினாறு மெஷின் போட்டு ஜாப் ஒர்க்குக்கு பனியன் தைத்துக் கொடுக்கிறேன். வேறு மாநிலத்தில் யூனிட் போட்டிருக்கும் நண்பர் போன வாரம் கூப்பிட்டார். "இங்கே இடம் பாதி விலை, கூலியும் கம்மி. மெஷினை ஏற்றிக்கொண்டு வந்துவிடு" என்றார். ரெண்டு நாள் யோசித்தேன். போவதாக இல்லை.

எங்களிடம் செக்கிங் பார்க்கும் அக்கா அவிநாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறார். முன்பெல்லாம் மாதம் நாலைந்து நாள் லீவு. வந்தாலும் ஒன்பதரை ஆகிவிடும். பையனுக்கு ஆக்கிப்போட்டுவிட்டுத்தானே கிளம்ப முடியும்? 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. இப்போது பாட்டி கொண்டுபோய் விட, பையன் பள்ளியிலேயே பொங்கலோ உப்புமாவோ சாப்பிட்டுவிடுகிறான். அக்கா எட்டரைக்கெல்லாம் டேபிளில் பீஸைப் பரப்பிப் பிசிறு வெட்டிக்கொண்டிருக்கிறார். மிச்சமாகும் பஸ் காசு சீட்டுக்குப் போகிறது.

"இலவசம் கொடுத்தே கெடுக்கிறார்கள்" என்று பேசும் முதலாளிகளை எனக்கு நிறையத் தெரியும். ஆள் வந்தால்தானே மெஷின் ஓடும்? நாட்டில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் பெண்களில் பத்துக்கு நாலு பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். 1982ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவைச் சாப்பிட்டு வளர்ந்தவர்தான் எங்கள் கட்டிங் மாஸ்டர். இதையெல்லாம் நண்பர் சொன்ன பாதி விலையில் எங்கே சேர்ப்பது?

குறையே இல்லை என்று சொல்லவில்லை. சாயக் கழிவை விட்டு நொய்யல் ஆற்றைக் கெடுத்தது எங்கள் தொழில்தான். 2011ல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது.

இன்றைக்கு என் மனதை அறுப்பது வீடு. எங்களிடம் தைக்கும் ஒடிசா பையன்கள் ஆறு பேர் லைன் வீட்டில் ஒரே அறையில் இருக்கிறார்கள். மேலே சிமென்ட் அட்டை, எட்டு அறைக்கு ஒரு கக்கூஸ். சித்திரை வெயிலில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு அந்த அறையில் பகலில் எப்படித் தூங்குவார்கள்? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை 2024ல் திறந்தார்கள். மனசு நிறைந்தது. ஆனால் அது பெரிய கம்பெனி ஆட்களுக்கு. பத்து மெஷின், இருபது மெஷின்காரர்களின் ஆட்களுக்கும் அப்படி ஒன்று இங்கே வேண்டும். அரசு இடம் கொடுத்துக் கட்டட்டும், வாடகையை நாங்கள் பங்கு போட்டுக் கட்டுகிறோம். மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்துப் போட வரும் யூனிட்காரர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.