செல்போன் பற்றிய ஃபார்வர்டுகளைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படியுங்கள்

பிள்ளைகள் செல்போனில் செலவிடும் நேரத்தைக் குறைக்க நல்ல காரணங்கள் நிறையவே இருக்கின்றன. ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பதிவுகளில் அவற்றைத் தேடினாலும் கிடைப்பதில்லை. பயமுறுத்தல் இருக்கிறது, பெற்றோரைக் குற்றவாளி ஆக்குவது இருக்கிறது, பெரிய மனிதர்களின் பெயர் இருக்கிறது. நானும் குறைக்க வேண்டும் என்ற கட்சிதான். அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

எங்கள் உறவினர் குழுவில் வந்த ஒரு பதிவு, "பெற்ற பிள்ளையை நீங்களே கொல்லப் போகிறீர்களா?" என்று ஆரம்பித்தது. இதற்கு யார் ஆமாம் என்று சொல்லப் போகிறார்கள்? பதில் வாங்குவதற்காகக் கேட்ட கேள்வியே அல்ல அது. அடுப்பு வேலை முடியும்வரை பிள்ளை கையில் ஃபோனைக் கொடுத்த ஒரு அம்மாவின் வயிற்றைக் கலக்குவதற்காகக் கேட்டது. வயிறு கலங்கிவிட்டால் அடுத்த வரியில் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவோம். (அப்பாக்களைப் பற்றி அந்தப் பதிவில் ஒரு வார்த்தைகூட இல்லை.)

அடுத்த வரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் வந்தார். "ஐபோனைக் கண்டுபிடித்தவரே தன் பிள்ளைகளுக்கு ஃபோன் கொடுக்கவில்லை!" உண்மையில் நடந்தது என்ன? 2010இல் ஆப்பிளின் ஐபேட் டேப்லெட் வந்த புதிதில், உங்கள் பிள்ளைகளுக்கு அது பிடித்திருக்கிறதா என்று ஒரு நிருபர் கேட்டார். அவர்கள் இன்னும் அதைப் பயன்படுத்தவில்லை, வீட்டில் தொழில்நுட்பத்துக்கு ஒரு அளவு வைத்திருக்கிறோம் என்றார் ஜாப்ஸ். 2014இல் நியூயார்க் டைம்ஸில் அந்த நிருபரே இதை எழுதினார். 'அளவு' என்று ஜாப்ஸ் சொன்னது கைமாறிப் போகப் போகத் 'தடை' ஆகிவிட்டது. தவிர, ஃபோன் தயாரிக்கத் தெரிந்தவர் குழந்தை வளர்ப்பிலும் நிபுணராக இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

"செல்போன் கதிர்வீச்சால் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது" என்பது இன்னொன்று. அதன் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் இந்த வகைக் கதிர்வீச்சை '2பி' பிரிவில் வைத்தது. சாத்தியம் இருக்கலாம், ஆதாரம் குறைவு என்பதுதான் அந்தப் பிரிவின் பொருள். ஆசியப் பாரம்பரிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும் அதே பிரிவில்தான் இருக்கின்றன. ஃபார்வர்டு எழுதியவர் 'சாத்தியம்' என்ற சொல்லை மட்டும் கழற்றிவிட்டார்.

அப்புறம், "ஆஸ்திரேலியாவே தடை செய்துவிட்டது, நாம் எப்போது?" என்று ஊரோடு சேர்த்து இழுப்பது. அங்கே 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது, 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் குறிப்பிட்ட சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம். அவர்கள் ஃபோன் வைத்திருப்பதை அது தடுக்கவில்லை.

பிள்ளைகளைத் திரைப் பக்கம் இழுக்கிற எதிர்ப்பக்கமும் இதே வேலையைத்தான் செய்கிறது. "பக்கத்து வீட்டுப் பிள்ளை கோடிங் எழுதுகிறது, உங்கள் பிள்ளை?" என்று கேட்கிற விளம்பரம் தொடுவதும் அதே அம்மாவின் பயத்தைத்தான்.

நேர்மையான வாதம் எப்படி இருக்கும் என்று பார்க்க, உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதலைப் படியுங்கள். 2 வயது நிறையும்வரை திரை வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது என்கிறது. ஓடியாடுவது, தூக்கம் என்று காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது. வயது, அளவு, காரணம் எல்லாம் கண்முன் இருப்பதால் நாம் மறுத்துப் பேசவும் இடம் இருக்கிறது. வளர்ந்த பிள்ளைகள் விஷயம் இவ்வளவு சுலபமில்லை. மனச்சோர்வில் இருக்கும் பிள்ளை எந்நேரமும் ஃபோனிலேயே கிடக்கிறது என்றால், ஃபோனால் சோர்வா, சோர்வால் ஃபோனா என்று ஆய்வாளர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஃபார்வர்டில் மட்டும் எல்லாம் முடிவாகிவிட்டது.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஜாப்ஸ் கதையை ஒரு நிமிடத்தில் தேடிப் பார்த்துவிடும். அதில் பொய் கலந்திருப்பது தெரிந்ததும், தூக்கம் கெடும் என்று நாம் சொன்ன உண்மையையும் சேர்த்துத் தூக்கிப்போட்டுவிடும். அதனால் அந்தப் பதிவை ஒளிக்காமல் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். எது ஆதாரம், எது மிரட்டல் என்று பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். குழுவில் எதையாவது அனுப்பியே ஆக வேண்டும் என்றால், அந்த 2019 வழிகாட்டுதலை அனுப்புங்கள்.