யானைக்கால் புழு தமனியை அடைப்பதில்லை
நடக்கும்போது கெண்டைக்கால் வலிப்பது யானைக்கால் புழு தமனியை அடைப்பதால்தான், பூச்சி மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டு வேறு நோய்களைப் போட்டுக் குழப்பியிருக்கிறார். கொசுக்கடியால் வரும் அந்தப் புழு வளர்ந்து குடியிருப்பது நிணநீர்க் குழாய்களில். அதன் குஞ்சுகள் இரத்தத்தில் சுற்றுவது உண்மைதான், அதுவும் பெரும்பாலும் ராத்திரியில், அதனால்தான் பரிசோதனைக்கு இரவில் இரத்தம் எடுப்பார்கள். ஆனால் அவை கால் தமனியை அடைப்பதில்லை. நிணநீர் வடியாமல் கால் வீங்கும், தோல் தடிக்கும்.

தமனி அடைப்பு பெரும்பாலும் கொழுப்புப் படிவால் வருவது. புகை, சர்க்கரை, இரத்தக் கொதிப்பு எல்லாம் அதற்குத் துணை. கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகிப் பிடிக்கும், நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடும். பாதம் சில்லிட்டிருக்கும், மேல்புறம் விரல் வைத்துப் பார்த்தால் நாடித்துடிப்பு மங்கலாக இருக்கும் அல்லது கிடைக்கவே கிடைக்காது. கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு என்று கொள்வார்கள் (நாள்பட்ட சர்க்கரை நோயில் தமனி சுண்ணாம்பு படிந்து விறைத்து, இந்த எண் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும்). வயது குறைந்தவர், ஆனால் விடாமல் புகைப்பவர் என்றால் பர்ஜர் நோயையும் (கை, கால் இரத்தக் குழாய்கள் அழற்சியால் அடைபடும் நோய்) யோசிக்க வேண்டும். அதிலும் புழு இல்லை.

அப்புறம், வீக்கத்துக்குச் சுற்றும் இறுக்கமான கட்டுத்துணியை, தமனி அடைத்த காலில் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள், இருக்கிற ஓட்டமும் குறைந்துவிடும். கால் திடீரென வெளுத்து, வலித்து, மரத்துப்போனால் மாத்திரை தேடாமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.