பெட்டி வேனில் போனது, நாங்கள் நடந்துதான் போனோம்

இங்கிலாந்தைக் குறுக்கே கடக்கும் 'கோஸ்ட் டு கோஸ்ட்' நடைப்பாதையை முடித்து நானும் என் கணவரும் போட்ட படத்தின் கீழே நேற்று நடந்ததைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. "மூட்டையை வேனில் ஏற்றிவிட்டு நடப்பதற்குப் பெயர் நடைப்பயணமா அண்ணா? அண்ணியும் கூட வந்ததால் வேறு வழியில்லை போலும்" என்று எழுதிய தம்பிக்கும், அதற்குச் சிரிப்புக்குறி இட்டு மகிழ்ந்த அத்தனை பேருக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

ஐரிஷ் கடலோரத்து செயின்ட் பீஸிலிருந்து வட கடலோரத்து ராபின் ஹூட்ஸ் பே வரை ஏறத்தாழ 190 மைல். லேக் டிஸ்ட்ரிக்ட், யார்க்‌ஷயர் டேல்ஸ், நார்த் யார்க் மூர்ஸ் என மூன்று தேசியப் பூங்காக்களைக் கடக்கும் அந்தப் பாதை முழுவதையும் நானும் என் கணவரும் நடந்தே முடித்தோம். வேன் சுமந்தது எங்கள் மாற்றுத் துணிகளை, எங்களை அல்ல.

தூய நடையின் காவலர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்தப் பாதையை வகுத்து 1973-இல் வழிகாட்டி நூலாக வெளியிட்ட ஆல்ஃபிரட் வெயின்ரைட் கார் ஓட்டாதவர். மனைவி காரில் கொண்டுபோய் இறக்கிவிட, பகுதி பகுதியாக நடந்துதான் இதை உருவாக்கினார். தன் தடத்தையே பின்பற்றாமல் அவரவர் வழியை அவரவர் அமைத்துக்கொள்ளுங்கள் என்றும் அதே நூலில் ஊக்கப்படுத்தினார். வகுத்தவருக்கே இல்லாத கண்டிப்பு நம் நண்பர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"காசு இருப்பவர்களின் சொகுசு" என்பீர்கள். காசு செலவானது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அது வழியிலுள்ள சிற்றூர்களான கீல்டிலும் ரீத்திலும் அறை வாடகைக்கு விடும் வீடுகளுக்கும், இரவு உணவு தந்த பப்புகளுக்கும் போயிற்று. "வேன் புகை கக்காதா?" என்பீர்கள். கக்கும். இதைக் கேட்பவர் விமானமேறி மலையேறப் போகிறவர் என்பதால் இதற்குமேல் விளக்கப் போவதில்லை.

சுமை, சுமை என்கிறீர்களே, வழியிலுள்ள கர்க்பி ஸ்டீபன் ஊரிலிருந்து நைன் ஸ்டாண்டர்ட்ஸ் முகட்டுக்கு ஏறிப் பாருங்கள். ஒன்பது கல்தூண்கள் வரிசையாக நிற்கும் அந்த உச்சிக்கு அப்பால், கால் வைக்குமிடமெல்லாம் பீட் எனப்படும், மட்கிய தாவரங்களாலான கரிய சேறு. நடப்பவர்களின் மிதியில் நிலம் சிதைவதைக் குறைக்கவே அங்கே பருவத்துக்கொரு தடமாக மூன்று தடங்களை ஒதுக்கியிருந்தார்கள். நாங்கள் போன அன்று மழையும் சேர்ந்துகொண்டது. முழங்கால் வரை புதைந்த காலைப் பிடுங்கினால் பூட்ஸ் உள்ளேயே தங்கிவிடுமோ என்று அஞ்சும் நிலை. கீல்டை நோக்கி இறங்குகையில் முழங்கால் வலியெடுத்து நின்றுவிட்டவர் அண்ணன்தான், அண்ணி அல்லர். அவருடைய முதுகுப்பையையும் என் தோளில் மாட்டிக்கொண்டு, அவருக்கு முன்னால் தடம் பார்த்து நடந்தவள் நான். பெட்டியை வேனில் அனுப்பலாம் என்று ஊரிலிருந்து கிளம்பும் முன்பே முடிவு செய்ததும் அவருடைய முழங்காலை எண்ணித்தான். இதை அவரும் பின்னூட்டத்தில் எழுதியிருக்கலாம். "விட்டுத் தள்ளு" என்றதோடு சரி.

வாழ்த்துகள் அத்தனையும் "அண்ணா, அசத்திவிட்டீர்கள்" என்றே வந்தன. படத்தில் இருவர் நிற்கிறோம். பெட்டியைப் பற்றிக் கேள்வி எழுந்ததும் மட்டும் அண்ணி நினைவுக்கு வந்துவிடுகிறாள். இதற்கா இவ்வளவு நீளமாக எழுத வேண்டும் என்று கேட்பவர்கள், அந்தச் சிரிப்புக்குறிகளில் தங்களுடையதும் இருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து கேட்கவும்.

அடுத்து பென்னைன் வே என்ற இன்னொரு நெடும் நடைப்பாதை, 268 மைல். அறைகளைப் பதிவு செய்தாயிற்று, வேனையும்தான்.