ஆட்டுக்கும் தனியாகத் தேர்வு வையுங்கள்

கால்நடை மருத்துவப் பட்டம் வாங்கி, மாநில மன்றத்தில் பதிவு செய்துவிட்டால் நாய், மாடு, குதிரை, ஆடு, கோழி எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்க்கலாம். 'இந்த விலங்குக்கு மட்டும்' என்று பதிவில் எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. அதை மாற்றச் சொல்லவில்லை. எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடிப் பக்கத்திலோ தேவிபட்டினம் பக்கத்திலோ ஒரே மருத்துவர் இருக்கும் மருந்தகத்துக்கு எல்லாம் பார்க்கத் தெரிந்தவர்தான் வேண்டும். எல்லாவற்றுக்கும் உரிமை கொடுப்பவர்கள் எல்லாவற்றிலும் சோதித்துவிட்டுக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நான் படித்த காலத்தில் பிராக்டிகல் என்றால் அன்றைக்கு வந்து நிற்கும் கேஸ்தான். ஒருவனுக்குப் பசு, இன்னொருத்திக்கு நாய். வைவா என்ற வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் தேர்வாளர் ஆட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மாட்டில் எடுத்த மார்க் ஆட்டில் தெரியாததை மூடிவிடும். பயிற்சிக்கு என்னிடம் வரும் பிள்ளைகளிடம் கேட்டால் இப்போதும் கிட்டத்தட்ட அதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

மாட்டில் கற்றதை எடை பார்த்துக் குறைத்தால் ஆட்டு வைத்தியம் ஆகிவிடாது. மயக்கத்துக்குப் போடும் ஜைலசினில் குதிரைக்கான அளவில் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும், உடல் எடை ஒன்றாக இருந்தாலும். மாட்டுக்கான தாது உப்பைத் தொடர்ந்து செம்மறிக்குக் கொடுத்தால் அதிலுள்ள தாமிரம் ஈரலில் சேர்ந்து உயிரையே எடுக்கலாம். வெள்ளாட்டுக்குட்டிக்குக் கொம்பு சுடும்போது மரத்துப்போக லிக்னோகெயின் கொஞ்சம் கூடினாலும் வலிப்பு வரலாம். இரட்டைக் குட்டி பின்னிக்கொண்டு தலை ஒன்றுக்கும் கால் இன்னொன்றுக்குமாக வரும்போது, கன்று இழுத்துப் பழகிய கை அங்கே உதவாது. இதையெல்லாம் புத்தகத்தில் படித்தவர்கள்தான் எல்லோரும். கை செய்கிறதா என்று யார் பார்த்தார்கள்?

2019 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாடு சுமார் 95 லட்சம், வெள்ளாடு சுமார் 99 லட்சம், செம்மறி சுமார் 45 லட்சம். எங்கள் கடற்கரையில் சீமைக்கருவேலங் காயைத் தின்று வளரும் வெள்ளாடும், ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறியும்தான் பல குடும்பங்களுக்கு அவசரத்துக்குக் கைகொடுக்கும் பணம். அமெரிக்காவிலும் கனடாவிலும் உரிமத்துக்காக எழுதும் நாவ்லி தேர்வில் 360 கேள்விகள். எந்த விலங்குக்கு எவ்வளவு பங்கு என்று முன்கூட்டியே வெளியிட்டுவிடுகிறார்கள். நாயும் பூனையுமே ஏறக்குறைய பாதி, ஏனென்றால் அங்குள்ள மருத்துவர்கள் அதிகம் பார்ப்பது அவற்றைத்தான். அந்தப் பங்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்த முறையை எடுத்துக்கொள்ளலாம். நம் பங்கில் ஆடு மேலே வரட்டும்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. நாய் வந்தால் நோயாளி ஒன்று. கிடையில் நோயாளி மந்தை முழுவதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிடை போட்டு ஆடு மேய்க்கும் கீதாரி ஒருவர் கூப்பிடுகிறார்: நாலு செம்மறிக்கு முகம் வீங்கிக் காய்ச்சல், இரண்டு நொண்டுகிறது, கூட மேயும் வெள்ளாட்டுக்கு ஒன்றுமில்லை. நீலநாக்கு நோய் என்று சொல்லிவிட்டு அந்த நாலுக்கும் ஊசி போட்டுவிட்டு வருபவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார். பரப்புவது கொசுவைவிடச் சிறிய கடிப்பூச்சி. நோயில்லாததுபோல் தெரியும் வெள்ளாட்டின் ரத்தத்திலும் கிருமி இருக்கலாம். தண்ணீர் தேங்கிய இடத்திலிருந்து கிடையை எங்கே மாற்றுவது, எதைப் பிரித்துக் கட்டுவது, பக்கத்துக் கிடைக்காரருக்கு என்ன சொல்வது, யாருக்குத் தகவல் கொடுப்பது, இவைதான் கேள்விகள். கோழியிலும் அப்படித்தான். செத்த ஒன்றை அறுத்துப் பார்த்து உயிரோடிருக்கும் மற்றவற்றைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். ஒரு விலங்கை முன்னால் நிறுத்தி 'பரிசோதனை செய்' என்று சொல்லும் தேர்வில் இந்தத் திறமை வெளியே வரவே வராது.

கல்லூரியில் அத்தனை விலங்கு கிடைக்காது என்பார்கள். நியாயம்தான். ஒரே பசுவை இருபது பேர் கைவிட்டுப் பார்ப்பது அந்தப் பசுவுக்குக் கொடுமை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். அதற்குத்தான் பொம்மை மாதிரிகள் இருக்கின்றன. பிரிட்டனில் சாரா பெய்லி, பசுவின் உள்ளுறுப்பைத் தொட்டு உணர்வதைக் கணினி வழியாகப் பழக்கும் கருவியையே உருவாக்கினார். மனித மருத்துவத்தில் ரொனால்ட் ஹார்டன் 1975-லேயே வேறொரு வழி காட்டினார்: மாணவர் ஒவ்வொரு மேசையாக நகர்வார், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை, எல்லோருக்கும் ஒரே வேலை. அதை நம் பாடத்துக்கு எடுத்து, விலங்குக்கு ஒரு மேசை வைக்கலாம். ஒன்றில் தோற்றால் அதை மட்டும் திரும்ப எழுதட்டும், இன்னொன்றின் மார்க்கைக் கொண்டு ஈடுகட்ட வேண்டாம். உயிர்போகும் தவறு செய்தால், மொத்தம் எவ்வளவு வந்தாலும் அந்த மேசை தோல்விதான்.

பாடத்தில் விரிவாக இல்லாத விலங்குக்கும் ஒரு மேசை வேண்டும். இங்கே கரையில் ஆவுளியா என்ற கடல்பசு செத்து ஒதுங்கினால் அறுத்துப் பார்க்கக் கால்நடை மருத்துவரைத்தான் கூப்பிடுவார்கள். வலையில் மாட்டி அசையாமல் கிடக்கும் ஆமை செத்துத்தான் போயிருக்கும் என்றில்லை. பின்பக்கத்தை உயர்த்தி, ஈரமாக நிழலில் பல மணி நேரம் வைத்தால் பிழைக்க வாய்ப்பிருக்கிறது. இது தெரியாதது குற்றமில்லை. தெரியாத விலங்கு முன்னால் கிடக்கும்போது எதைத் தொடக் கூடாது, யாரைக் கேட்பது என்று யோசிக்கிறாரா என்பதைச் சோதிக்கலாம்.

அப்புறம் அந்த ஒரு வருட இன்டர்ன்ஷிப். அதில் சில வாரங்களாவது வடகிழக்குப் பருவமழையில் எங்கள் பக்கத்து மருந்தகங்களுக்கு அனுப்புங்கள். கையெழுத்துப் போடும் நோட்டில் வருகைப் பதிவு மட்டும் போதாது. எந்த விலங்கில் எந்த வேலையைத் தானாகச் செய்தார், எதை உதவியோடு செய்தார் என்று தனித்தனிக் கட்டம் இருக்கட்டும். செய்யாத கட்டத்தைக் காலியாகவே விட்டு அனுப்ப எங்களுக்கு அனுமதி வேண்டும்.