தேயிலை விவசாயியின் கடன் தகுதியை வங்கி எங்கே தேட வேண்டும்?

கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர் கடன் கேட்டுப் போனால், வங்கி முதலில் கேட்பது சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று ஆகியவற்றையே. அடுத்து சிபில் மதிப்பெண். 300 முதல் 900 வரையிலான அந்த எண், அவர் பழைய கடன்களை எப்படிக் கட்டினார் என்பதைக் காட்டும். தோட்டத்திலிருந்து மாதம் எவ்வளவு வருகிறது என்பதைக் காட்டாது. அதைக் காட்டும் கணக்கு தேயிலைத் தொழிற்சாலையில் இருக்கிறது. கடன் தகுதிக்கான சான்றாக வங்கிகள் அதையும் ஏற்க வேண்டும்.

என் சித்தப்பாவின் இலைக் கணக்குச் சீட்டைப் பார்த்திருக்கிறேன். எந்தத் தேதியில் எத்தனை கிலோ பசுந்தேயிலை போட்டார், ஈரத்துக்காக எவ்வளவு கழித்தார்கள், கிலோவுக்கு என்ன விலை, முன்பணமாக வாங்கிய உரத்துக்கு எவ்வளவு பிடித்தார்கள் என எல்லாம் அதில் இருக்கின்றன. ஒரு விவசாயியின் உழைப்பையும் நாணயத்தையும் இதைவிடத் தெளிவாகக் காட்டும் காகிதம் இந்த மலையில் வேறில்லை. ஆனால் அவர் போன வங்கிக் கிளையில் அதை யாரும் கேட்கவே இல்லை. பட்டா இன்னும் தாத்தா பெயரில் கூட்டுப்பட்டாவாக இருப்பதால், பங்காளிகள் அனைவரின் கையெழுத்தையும் வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கிசான் கடன் அட்டையின் பயிர்க்கடன் வரம்பும் தோட்டத்தின் நிலையைப் பார்ப்பதில்லை. பயிர்வாரியாக மாவட்டத் தொழில்நுட்பக் குழு ஏக்கருக்கு இவ்வளவு என நிர்ணயிக்கும் கடன் அளவைப் பரப்பளவால் பெருக்கி, அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் வீட்டுத் தேவைக்கும் 10 சதவீதமும், பண்ணைப் பராமரிப்புக்கு 20 சதவீதமும் சேர்க்கிறார்கள். காலத்தில் கவாத்து செய்து (செடிகளை வெட்டிச் சீராக்கி) உரமிட்டவருக்கும் தோட்டத்தைக் களை மண்ட விட்டவருக்கும் பரப்பளவு ஒன்றாக இருந்தால் கணக்கும் ஒன்றே.

பிணையில்லாக் கடன் வரம்பு 2025 ஜனவரி 1 முதல் 1.6 லட்சத்திலிருந்து 2 லட்சம் ரூபாயாக உயர்ந்தது நல்லதே. ஆனால் சொத்தை அடமானம் வைக்கத் தேவையில்லை என்பதால் நில ஆவணமே தேவையில்லை என்றாகிவிடாது. நீலகிரியின் கூடலூரில் இந்த வேதனை இன்னும் பெரிது. ஜென்மம் என்ற பழைய நிலவுடைமை முறையை ஒழிக்க வந்த 1969-ஆம் ஆண்டு ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும் நிலங்களின் உரிமைச் சிக்கல் தீராததால், நெடுங்காலமாகத் தேயிலை பயிரிட்டும் பட்டா காட்ட முடியாத குடும்பங்கள் அங்கே இருக்கின்றன.

தேயிலை விலை ஏறி இறங்கும், வருமானத்தை நம்ப முடியாது என்று வங்கி அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த அச்சத்தை அளந்து பார்க்கவும் இலைக் கணக்கே உதவும். மூன்றாண்டுக் கணக்கை எடுத்து, பசுந்தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் சராசரி விலையோடு ஒப்பிட்டால், விலை விழுந்த மாதங்களிலும் அந்தக் குடும்பத்துக்கு என்ன மிஞ்சியது என்பது தெரிந்துவிடும். விவசாயியின் சம்மதத்தோடு, சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவு இணையமான இன்கோசர்வின் தொழிற்சாலைகளிலிருந்து இதைப் பெறத் தொடங்கலாம். கவாத்துக்கும் மறுநடவுக்கும் தரும் தவணைக் கடன்களில், உறைபனியில் கொழுந்து கருகும் மாதங்களுக்குத் தவணையைக் குறைத்து, மழைக்குப் பின் இலை பெருகும் மாதங்களில் கூட்டி வைக்கவும் வங்கிக்கு இந்தக் கணக்கே போதும்.